ஒன்பதாவது கட்டை

ஆயுத பூஜை விடுமுறையில் வேலி அடிப்பது என்று முடிவு செய்தவள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அம்மா மீது, அத்தை மீது, அத்தையின் நாலு ஆடுகள் மீது என்று வரிசையாகப் பழி போட்டுப் பார்த்துவிட்டேன். சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்த வருடம் நாலு நாள் தொடர்ந்து சிவப்பாக இருந்தன. சனி, ஞாயிறு, திங்கள் ஆயுத பூஜை, செவ்வாய் விஜயதசமி. சனிக்கிழமை குழி, ஞாயிறு கட்டை நடுதல், திங்கள் சட்டம் அடித்தல், செவ்வாய் வெள்ளை பெயின்ட் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, ஆசிரியர்கள் அறையில் இரண்டு பேரிடம் காட்டவும் செய்தேன். ஊரே ஒரு சுத்தியலைத் தொடாத நாளாகப் பார்த்துச் சுத்தியல் வேலைக்குக் குறித்த ஆள் மதுரை ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்கு அந்த நாள் சரஸ்வதி பூஜை. புத்தகத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை படிக்க வேண்டாம் என்பது மட்டும்தான் சின்ன வயதிலிருந்து மனதில் நின்றிருந்தது. அதே நாளில் மண்வெட்டிக்கும் ஓய்வு உண்டு என்பது, மண்வெட்டி பிடித்தவர்களுக்கு மறக்காது. எனக்கு மறந்துபோனது.

எங்கள் குடும்பத்தில் மாணவியாகப் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அம்மாவும் போயிருக்கிறாள், கட்டடம் கட்டும்போது சித்தாளாக. இப்போது நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். எம்.எஸ்ஸி. கணிதம். பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர், அடுத்தது பட்டம். இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடந்ததைப் படிக்கும்போது, இது எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள் செய்தது என்பதை நீங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும்.

வேலி அம்மாவுக்காக. வருடக்கணக்காக அவள் அடுத்தவர் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் மொட்டு முழுக்கப் பறித்துக் கொடுத்துவிட்டு வருவாள். எங்கள் வீட்டை ஒட்டிக் கிடந்த ரெண்டு சென்ட் காலியிடத்தை அப்பாவும் நானும் சேர்ந்து வாங்கியபோது, மாடி கட்டலாம், வாடகைக்கு விடலாம் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னோம். அம்மா அதெல்லாம் காதில் வாங்கவில்லை. தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து மல்லிகை நாற்று கொண்டுவரும் வண்டிக்காரரிடம் முப்பத்தாறு நாற்றுக்குச் சொல்லிவிட்டாள். விஜயதசமி அன்று வந்து இறங்கும், நல்ல நாள், அன்றே நட வேண்டும். அதோடு நிற்கவில்லை. கார்த்திகையிலிருந்து வரமாட்டேன் என்று தோட்டக்காரரிடமும் சொல்லிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, ஆடு விட்டால் பார்ப்போம் என்றாராம்.

அந்த ஆடு யார் ஆடு என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் காலியிடம் நாங்கள் வாங்குவதற்கு முன்னாலிருந்தே எதிர்வீட்டு அத்தையின் நாலு ஆடுகளுக்கு மேய்ச்சல் இடம். சொந்த அத்தை இல்லை, முறைக்கு அத்தை. கூலி வேலைக்குப் போகிறவள், வெடுக்கென்று பேசுகிறவள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை ஆடுகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தளிர் விட்ட மல்லிகை என்றால் ஆட்டுக்குப் பிரியாணி மாதிரி. வேலி இல்லாமல் நாற்றை இறக்கினால் அன்று சாயங்காலத்துக்குள் அம்மா பழைய தோட்டத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

தெருவைப் பார்த்த பக்கம் மட்டும்தான் திறந்து கிடந்தது. மற்ற மூன்று பக்கமும் சுவர். நாற்பது அடி நீளம். முள்ளை வெட்டிப் போட்டு அடைக்கலாம், கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கலாம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டில், பச்சைப் புல்லுக்கு நடுவே, தொப்பி போட்ட ஒரு பெண் தனி ஆளாக வெள்ளை மரவேலி அடிக்கிறாள். வேர்க்கவே இல்லை. அதைப் பதினோரு தடவை பார்த்தேன். நாங்களும் மரவேலிதான் போடப் போகிறோம், ஆள் வைக்காமல் நானே அடிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பிவிட்டாள். அவளுக்கு என் படிப்பின் மீது அப்படி ஒரு நம்பிக்கை. பூப் பறிக்கும் பெண்கள் அத்தனை பேரிடமும் என் மகள் வேலி அடிக்கப் போகிறாள் என்று சொல்லிவைத்தாள்.

சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்தன. சுத்தியல் ஒன்று, பிடியில் ரப்பர் போட்டது. ரம்பம், டேப், குறடு, மூலைமட்டம், நடுவில் பச்சைத் தண்ணீரும் ஒரு குமிழும் உள்ள ரசமட்டம், சார்ஜ் போட்டு ஓட்டுகிற ட்ரில் மெஷின், அதற்குப் பதினெட்டு ஊசிகள், கையுறை, தூசி படாமல் இருக்கக் கண்ணாடி. கண்ணாடியைப் போட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். வீடியோவில் வந்த பெண் வைத்திருந்த எல்லாமே என்னிடம் இருந்தன, குழி தோண்டும் கருவியைத் தவிர. அவள் ஒரு திருகாணி மாதிரியான இயந்திரத்தை வைத்து, வெண்ணெயில் விரல் விடுவதுபோல் குழி எடுத்தாள். நாகமலை அடிவாரத்துச் சரளை மண்ணை அவள் பார்த்ததில்லை.

மரக்கடை திருமங்கலம் போகும் ரோட்டில் இருந்தது. சவுக்குக் கட்டையைத் தூணாக நட்டு, குறுக்கே ரீப்பர் சட்டங்களை அடிப்பது என் திட்டம். கடைக்காரர் எத்தனை கட்டை வேண்டும் என்று கேட்டார். நாற்பது அடி நீளம், ஐந்து அடிக்கு ஒரு கட்டை. நாற்பதை ஐந்தால் வகுத்தால் எட்டு என்று அவருக்கே விளக்கிச் சொன்னேன்.

அவர் மேலே பார்த்து ஏதோ யோசித்தார். "எட்டா, ஒம்பதா டீச்சர்? ஒண்ணு சேத்துப் போட்டுக்கங்களேன்."

ஒரு கட்டையைக் கூடுதலாகத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. "அண்ணே, நான் கணக்கு டீச்சர்" என்றேன்.

"அப்பச் சரி டீச்சர்" என்று எட்டுக் கட்டையை எண்ணிக் குட்டியானை வண்டியில் ஏற்றினார். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

சாலையோரம் சம தூரத்தில் மரம் நடும் கணக்கு ஒன்று எங்கள் பாடத்தில் வரும். இடைவெளி எத்தனை என்று வகுத்தபின், மரம் எத்தனை என்பதற்கு ஒன்றைக் கூட்ட வேண்டும். அந்த ஒன்றைக் கூட்ட மறந்த பிள்ளைகளுக்கு நான் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'கவனம்' என்று எழுதி, மதிப்பெண் குறைத்திருக்கிறேன். போன வருடம் மட்டும் பத்தொன்பது பிள்ளைகளுக்கு.

சனிக்கிழமை காலையில் முதல் குழிக்கு நூல் பிடித்து நின்றபோதுதான் கடப்பாரை இல்லை என்பது தெரிந்தது. அத்தையிடம் போய்க் கேட்டேன். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, என்ன வேலைக்கு என்று கேட்டாள். சொன்னேன். ஆட்டுக்காக என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எங் ஆடு வராம இருக்க வேலி. அதுக்குக் குழி நோண்ட எங் கம்பி" என்றாள் அத்தை. "நல்லாத்தான் படிச்சிருக்க மருமகளே."

அன்று முழுக்க ஒரு குழி தோண்டினேன். ஒன்றேகால் அடி ஆழம். கடப்பாரை மண்ணில் இறங்குவதற்குப் பதிலாக என் கைக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தீப்பொறி, ஒரு தேக்கரண்டி மண். அம்மா ரெண்டு தடவை வந்து நின்று, தா என்று கை நீட்டினாள். நானே செய்கிறேன் என்றேன். மத்தியானத்துக்குமேல் அத்தையின் ஆடுகளில் பெரியது, குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் என்னால் சீப்பைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. படுத்திருந்தபடி, முதல் நாள் எடுத்து வைத்திருந்த சாமான்களின் படத்தைப் போனில் ஸ்டேட்டஸாக வைத்தேன். 'நம் கையே நமக்கு உதவி' என்று ஒரு வரியும் போட்டேன். உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் கைதட்டுகிற பொம்மைகளாக அனுப்பினார்கள். அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன்.

எழுந்து வந்து பார்த்தால் வாசலில் கயிற்றுக் கட்டிலில் என் சாமான்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. சுத்தியலின் தலை, புளி போட்டுத் தேய்த்ததில் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ரம்பத்தின் ஒவ்வொரு பல்லையும் அம்மா தேய்த்திருந்தாள். கடைசியில் ட்ரில் மெஷின், மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியத் தலைகுப்புறக் கிடந்தது. பக்கத்தில் வாளி.

"அம்மா, இதக் கழுவுனியா?"

"லேசாத்தான் முக்கி எடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கா இருந்துச்சு. நாளைக்குப் பூசைக்கு வைக்கணும்ல."

"அதுக்குள்ள கரண்ட் இருக்கும்மா."

"ஒங்கப்பா லாரியவே தண்ணி ஊத்திக் கழுவுறாரு. அதுக்குள்ள இல்லாத கரண்ட்டா?"

எம்.எஸ்ஸி. கணிதத்தில் இதற்குப் பதில் இல்லை. பித்தானை அழுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு குமிழி வெளியே வந்தது, சத்தம் வரவில்லை. அப்போதுதான் அம்மா நாளைக்கு ஆயுத பூஜை என்று சொன்னதன் முழுப் பொருளும் எனக்கு உறைத்தது. இனிச் செவ்வாய்க்கிழமை காலை வரை எதையும் தொடக்கூடாது. கழுவியாகிவிட்டது, திரும்ப அழுக்காக்க விடமாட்டாள். நாளைய பூஜைக்கு இன்றைக்கே சாமான்கள் சாமி அறைக்குள் போய்விட்டன.

சாயங்காலம் அத்தை வந்தாள், கடப்பாரைக்கு. எனக்கு இன்னும் ஏழு குழி பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். பூஜைக்கு அவரவர் ஆயுதம் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றாள். அன்று தெருவில் இரவல் போன எல்லாமே இப்படித்தான் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. ஏணி ஒன்று போனது, அரிவாள்மனை ஒன்று போனது, தண்ணீர் மோட்டார் ஒன்றை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தை கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு என் குழியை எட்டிப் பார்த்தாள். ஆடு பார்த்த அதே பார்வைதான்.

"எங்க வீட்டுக் கம்பி எங்க வீட்லதான பொட்டு வச்சுக்கணும்" என்றாள். "செவ்வாக்கெழம காலையில வந்து வாங்கிக்க. சாயங்காலம் திருப்பித் தந்துரு, புதங்கெழம நான் வாழைக்குழி வெட்டப் போறேன்."

திங்கட்கிழமை பூஜை நன்றாக நடந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். சாமி படத்துக்கு முன்னால் சுத்தியல், ரம்பம், குறடு, ரசமட்டம், நடுவில் ட்ரில் மெஷின், அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட என் பட்டம், பக்கத்தில் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ட்ரில் மெஷினுக்கு மூன்று பொட்டு, விலை கூடுதல் என்பதால். தூசிக் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் பொட்டு வைத்திருந்ததால் யாரோ கண் முழித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. பூப் பறிக்கும் பெண்கள் நாலைந்து பேர் பொரியும் சுண்டலும் வாங்க வந்தவர்கள், உட்கார்ந்து சாமான்களைப் பார்த்தார்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இது என்ன செய்யும், அது என்ன செய்யும் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன், வீடியோவில் கேட்டபடி. வேலி எவ்வளவு ஆகியிருக்கிறது என்று ஒரு அக்கா கேட்டாள். ஒரு குழி என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஆரம்பித்திருக்கிறேன் என்றேன். அப்பா, லாரி நிற்கும் ஊரிலிருந்து போன் செய்து, லாரிக்குப் பூஜை முடிந்தது, உன் மெஷினுக்கு எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று கேட்டார். அதன் உயிர் போய்விட்டதை அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் நல்ல மழை. அந்த நாலு நாளில் எனக்கு நடந்த ஒரே நல்லது அது.

செவ்வாய் காலையில் அம்மா கற்பூரம் காட்டிச் சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். அத்தை வீட்டிலிருந்து கடப்பாரை வந்தது, கழுத்தில் சந்தனத்தோடு. மழையில் மண் இளகியிருந்தது. நான் ரெண்டாவது குழியில் நாலு குத்துக் குத்தியபின், அம்மா கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இந்த முறை நான் மறுக்கவில்லை. பத்து மணிக்குள் ஏழு குழியும் தயார். வீட்டுச் சுவரை ஒட்டி முதல் குழி, அதிலிருந்து ஐந்து ஐந்து அடியில் மற்றவை. நான் டேப்பைப் பிடித்து இடம் காட்டினேன். கட்டையை இறக்கியபின் ரசமட்டத்தைச் சாத்தி, இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று சொன்னேன். சிமென்ட் கலவையைச் சட்டியில் அள்ளிச் சுற்றிப் போட்டோம். கட்டையின் அடியில் கரையானுக்குத் தார் பூச வேண்டும் என்று வீடியோவில் சொன்னது ஐந்தாவது கட்டை நின்றபிறகு ஞாபகம் வந்தது. மிச்சம் மூன்றுக்கும் மட்டும் பூசுவது நியாயமாகப் படவில்லை. அதனால் யாருக்கும் பூசவில்லை.

ட்ரில் மெஷின் இல்லாததால் ரீப்பர் சட்டங்களை ஆணி வைத்து அடித்தேன். ஆணி வளைந்தது. அடுத்ததும் வளைந்தது. வளைந்த ஆணிகளை மடியில் போட்டுக்கொண்டே வந்தேன். எத்தனை என்று சொல்லப் போவதில்லை. நான் ஒன்றை எண்ணினால் எப்படி இருக்கும் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்று மணி வாக்கில் நாற்று வண்டி வந்தது. ஈரச்சாக்கில் சுற்றிய ரெண்டு கட்டு. அம்மா அதைக் குழந்தையை வாங்குவது மாதிரி வாங்கி, வேப்பமர நிழலில் வைத்துவிட்டு, நட்டுவிடலாமா என்று என்னைப் பார்த்தாள். கடைசி இடைவெளி ஒன்றுதான் அம்மா, பத்து நிமிடம் என்றேன். ரீப்பர் சட்டத்தின் ஒரு முனையை எட்டாவது கட்டையில் அடித்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாவது கட்டையைத் தேடினேன்.

அப்படி ஒன்று இல்லை.

எட்டாவது கட்டைக்கும் பக்கத்து மனையின் சுவருக்கும் நடுவில் ஐந்து அடி திறந்து கிடந்தது. முதலில் டேப் தவறு என்று நினைத்தேன். திரும்ப அளந்தேன். பிறகு மனையை அளந்த சர்வேயர் மீது சந்தேகம் வந்தது. உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்துவந்து பார்த்தேன். நாற்பது அடிதான். நாற்பதை ஐந்தால் வகுத்தேன், எட்டுதான். எட்டு இடைவெளி. பிறகுதான் சாலையோரத்து மரங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன்னால் வந்து நின்றன. கடைசி மரத்துக்குப் பக்கத்தில் பத்தொன்பது பிள்ளைகள் நின்றார்கள்.

மரக்கடைக்குப் போன் செய்தேன். பூஜை போட்டுப் பூட்டியாயிற்று, வியாழக்கிழமைதான் திறப்போம் என்றார்கள். பக்கத்துச் சுவரில் ஓட்டை போட்டு முனையை மாட்டலாம் என்றால், ட்ரில் மெஷின் குளித்திருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை ஒன்று குறைகிறது என்றேன். கடையில் மறந்துவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, அவர் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அத்தையின் நாலு ஆடுகளும் வந்தன. ஓடி வரவில்லை, தாண்டவும் இல்லை. முதல் கட்டையிலிருந்து எட்டாவது கட்டை வரை என் வேலியை ஒட்டியே, அதிகாரிகள் சாலையைப் பார்வையிடுவதுபோல் நடந்து, அந்த ஐந்து அடி வழியாக உள்ளே வந்தன. நாங்கள் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் பெரிய ஆடு சாக்கைப் பிரித்து ஒரு நாற்றை வாயில் கவ்வியிருந்தது.

அம்மா நாற்றுக் கட்டுகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாக்கைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"நாளைக்குத் தோட்டத்துப் பக்கம் போயி, எங் எடத்துக்கு ஆள் போட வேணாம்னு சொல்லிட்டு வாரேன்."

பள்ளிக்கூடம், கல்லூரி, வேலை, பட்டம், அதற்குப் போட்ட கண்ணாடி, எல்லாம் சேர்ந்து அம்மாவை அந்தத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பப் போகின்றன என்று நினைத்தபோது, கையிலிருந்த சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்போது அத்தை கடப்பாரையைக் கேட்டு வந்தாள். அம்மா சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. முதலில் பெரிய ஆட்டின் வாயிலிருந்து மிச்ச நாற்றைப் பிடுங்கினாள். மூன்று இலை பாக்கி இருந்தது. அதாலேயே தன் ஆட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என் வேலியைக் கடைசி வரை நடந்து பார்த்தாள். எண்ணினாள் என்று நினைக்கிறேன். அவள் உதடு அசைந்தது.

"ஒண்ணு கொறையுதே மருமகளே."

"தெரியும் அத்தை."

"எப்பத் தெரியும்?"

அத்தை எங்கள் அம்மா பக்கம் திரும்பினாள். "அவசரப்பட்டு எங்கிட்டும் போயிராதீக மதினி. இருங்க." கடப்பாரையை எடுத்து, அந்தக் கடைசி இடத்தில் அவளே நாலு குத்துக் குத்திக் குழி போட்டு, கடப்பாரையை அதற்குள் நிமிர்த்தி நிறுத்தி, சுற்றிக் கல்லைப் போட்டு மிதித்தாள். "கட்டுக்கம்பிய எடுத்தா. சட்டத்த இதுல கட்டு. இன்னிக்கி ராத்திரிக்கு நிக்கட்டும். காலையில வாரேன், புடுங்கிக்கிட்டு வேலைக்குப் போறேன். பகல்ல ஆட்டக் கட்டிப் போடுறேன், நீ கட்ட வாங்கிட்டு வா." கொஞ்சம் நிறுத்தி, "சும்மா இல்ல. வருசா வருசம் கவாத்துப் பண்ணுறப்ப வெட்டுற தழ அம்புட்டும் எங் ஆட்டுக்கு" என்றாள்.

அம்மா சரி என்று தலையாட்டினாள். இருட்டுவதற்குள் முப்பத்தாறையும் நட்டாள், அந்த மூன்று இலை நாற்றையும் சேர்த்து.

கதையை இங்கே முடித்திருந்தால் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் அத்தை போனபிறகு நான் கடப்பாரையை ஆட்டிப் பார்த்தேன். லேசாக ஆடியது. ஆடு முட்டினால் சாய்ந்துவிடுமே என்று பயந்தேன். மூட்டையின் அடியில் அரைச் சட்டி சிமென்ட் மீந்திருந்தது. வீணாகத்தானே போகிறது. மணலும் தண்ணீரும் விட்டுக் குழைத்துக் குழிக்குள் ஊற்றி, மேலே நன்றாக வழித்துவிட்டு, ரசமட்டம் வைத்து நேராக இருக்கிறதா என்றும் பார்த்தேன். அந்த நாலு நாளில் நான் செய்த வேலைகளிலேயே துளி பிசகாமல் அமைந்தது அது ஒன்றுதான். குமிழ் சரியாக நடுவில் நின்றது.

புதன்கிழமை காலையில் அத்தை தூக்குச்சட்டியோடு வந்து கடப்பாரையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையாலும் இழுத்தாள். அம்மா போய்ச் சேர்ந்து இழுத்தாள். நான் பள்ளிக்குப் போகச் சேலை கட்டித் தயாராக நின்றுகொண்டிருந்தேன். அத்தை குனிந்து, வழவழவென்று காய்ந்திருந்த சிமென்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரு ராத்திரி நிக்கட்டும்னுதான சொன்னேன்" என்றாள். "சமாதி கட்டிட்டியே."

சிரித்திருக்கலாம். ஆனால் கடப்பாரை இல்லாமல் வாழைக்குழிக்குப் போனால் வேலை இல்லை. அவள் தூக்குச்சட்டியை எடுக்காமல் அப்படியே நின்றாள். நான் பள்ளிக்குப் போன் செய்து முதல் ரெண்டு பீரியடுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இரும்புக் கடை எப்போது திறக்கும் என்று விசாரித்து ஓடினேன். இருந்ததிலேயே கனமான கடப்பாரையைக் கேட்டு வாங்கினேன். அதை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தேன். ஒரு முனை என் மடியில், மறுமுனை வெளியே. எதிரே உட்கார்ந்திருந்தவர் என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா. கடப்பாரையையும் என் சேலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்ன டீச்சர், செய்முறைப் பாடமா?" என்றார். ஆமாம் என்றேன். வாழைத் தோட்டத்து வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அத்தையிடம் கொடுத்தேன். அவள் தூக்கிப் பார்த்து, பழசை விடக் கனமாக இருக்கிறது என்றாள். புகாரா பாராட்டா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மரக்கடைக்குப் போனேன். ஒரு கட்டை என்றேன்.

"ஒண்ணு போதுமா டீச்சர்?" என்றார் அவர். "வகுத்துப் பாத்துட்டீங்கள்ல?"

அந்தக் கட்டை என் வேலிக்கு வந்து சேரவே இல்லை. சிமென்டை உடைத்தால் ஓரத்து நாற்று மூன்றின் வேர் அறுந்துவிடும் என்று அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அதில் ஒன்று அந்த மூன்று இலை நாற்று, அப்போதுதான் நாலாவது இலை விட்டிருந்தது. கட்டை ஒரு வாரம் வாசலில் கிடந்தது. பிறகு அத்தை வந்து, சும்மாதானே கிடக்கிறது என்று தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு முன்னால் நட்டு, நாலு ஆடுகளையும் அதில் கட்டினாள். ஆக, ஆட்டைத் தடுக்க வேண்டிய கட்டை ஆட்டைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, தெருவுக்கு அந்தப் பக்கத்தில் நின்று.

அம்மா கார்த்திகையில் தோட்டத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த வருடம் பங்குனியில் முதல் பறிப்பு ஒரு சின்னக் கிண்ணம் நிறைய வந்தது. விற்பதற்குக் காணாது. அம்மா அதைக் கட்டி, எனக்குக் கொஞ்சம், அத்தைக்குக் கொஞ்சம், ட்ரில் மெஷினுக்குக் கொஞ்சம் என்று பிரித்தாள். இப்போது பூக்காரர் வாசலுக்கே வந்து நிறுத்து வாங்கிப் போகிறார். கவாத்து முடிந்த அன்று அத்தை கயிறும் சாக்குமாக வந்துவிடுவாள்.

வேலிக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கவே இல்லை. தார் பூசாத எட்டுக் கட்டையிலும் கரையான் ஏறிவிட்டது. இரண்டாவது கட்டையை நான் லேசாகச் சாய்ந்தால்கூட முறிந்துவிடும். ஆறாவது, பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒன்பதாவது மட்டும் அசையவில்லை. போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அத்தை ஒரு வாளித் தண்ணீரும் புளியுமாக வந்தாள். அவளுடைய ஆயுதம், பூஜைக்கு வீட்டுக்கு வர முடியாத இடத்தில் இருப்பதால், அவளே வந்து அதைத் தேய்த்துக் கழுவி, கழுத்தில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தாள். பிறகு மிச்சமிருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டு, என் எட்டுக் கட்டைகளிலும் வைக்கலாமா என்று யோசித்தாள்.

"இதுக எதுக்கு" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.